மருந்து கலந்த நீரும் மீன்களின் உயிரும்

நக்கிள்ஸ் மலைத்தொடரில் ஊற்றெடுக்கும் களு கங்கை, பல்லேகம வழியாகச் சென்று அம்பன் கங்கையுடன் கூடி மகாவலியைச் சேர்கின்றது. களு கங்கைத் திட்டத்தினால் பழைய பல்லேகம நகரம் நீர்த்தேக்கத்துக்கு இடம்விட்டது. 2019இல் லக்கல புதிய நகரம் திறந்துவைக்கப்பட்டது. மனிதர் நடமாடிய இடத்தில் இன்று மீன்கள் வாழ்கின்றன. அந்நீரின் தூய்மை மக்களின் உணவோடும் பிழைப்போடும் பிணைந்தது. பூச்சிகொல்லியின் தீமையை நாம் ஓரளவு அறிவோம். நோய் தீர்க்கும் மருந்தும் நீரைக் கெடுக்கும் என்பதை நம்மிற் பலர் எண்ணிப்பார்ப்பதில்லை.

மருந்து நீரைச் சேர்வது எப்படி?

நாம் விழுங்கும் மருந்து முழுவதும் உடலில் அழிந்துவிடுவதில்லை. ஒரு பங்கு சிறுநீரோடும் மலத்தோடும் வெளியேறுகின்றது. மாடு, கோழிகளுக்குக் கொடுப்பதும் அவ்வாறே. மிஞ்சிய குளிசைகளை ஓடையிலோ மலசலகூடத்திலோ கொட்டுவோரும் உளர். வழக்கமான சுத்திகரிப்பு நிலையங்களும் பல மருந்துகளை முற்றாக நீக்குவதில்லை. நமக்கு அது ஐந்து நாள் மருந்து. அந்நீரிலேயே மூச்சுவிடும் மீனுக்கோ இரவுபகலாக ஓயாத மருந்து.

மீனுக்கு நேர்வது என்ன?

கனடாவில் ஓர் ஏரியில் 2001 முதல் 2003 வரை, கருத்தடை மாத்திரையிலுள்ள செயற்கை எஸ்ட்ரஜனை ஆய்வுக்காகக் கலந்தார்கள். அளவு ஒரு லீற்றருக்கு ஐந்தாறு நனோகிராம் மட்டுமே. அதாவது ஒரு கிராமின் நூறு கோடியில் ஐந்தாறு பங்கு. ஆண் மீன்களின் உடலில் முட்டைக் கருவுக்குரிய புரதம் உருவாயிற்று. சிறு மீனினம் ஒன்று அந்த ஏரியில் ஏறக்குறைய அற்றுப்போயிற்று. கலப்பதை நிறுத்திச் சில ஆண்டுகளில் அது மீண்டும் பெருகியது என்பது நமக்கு நம்பிக்கை தரும் செய்தி.

வலிக்கு நாம் எடுக்கும் டைக்குளோபினெக், ட்ரவுட் மீன்களின் சிறுநீரகத்தையும் செவுளையும் பாதிப்பதை ஆய்வுகூடச் சோதனைகள் காட்டின. மனப்பதற்றத்துக்கான ஒக்சசெபாம் கலந்த நீரில் பேர்ச் மீன்கள் கூட்டத்தை விட்டு விலகித் துணிந்து திரிந்ததை 2013இல் சுவீடன் ஆய்வாளர் கண்டனர். அச்சமற்ற மீன் எளிதில் இரையாகும்.

ஐதராபாத் தரும் பாடம்

ஐதராபாத்துக்கு அருகிலுள்ள பட்டன்செருவில், ஏறத்தாழ 90 மருந்துத் தொழிற்சாலைகளின் கழிவைச் சுத்திகரித்து வெளியேற்றும் நிலையம் ஒன்று இருந்தது. அங்கிருந்து வெளியேறிய நீரில், ஒரு லீற்றருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோபுளொக்சசின் இருந்ததாக 2007இல் வெளியான ஆய்வு கூறியது. இது அம்மருந்தை உட்கொள்ளும் நோயாளியின் இரத்தத்தில் இருக்கும் அளவிலும் அதிகம். இத்தகைய நீரில், மருந்துக்கு அடங்காத கிருமிகள் வளர்கின்றன. மீனைத் தொடங்கிய கேடு மனிதரிடம் வந்து முடிகின்றது.

அத்தகைய தொழிற்பேட்டை நமது பள்ளத்தாக்கில் இல்லை. ஆயினும் அம்பன் கங்கை வடிநிலத்துக்கே உரிய, உலகில் வேறெங்கும் காணப்படாத மீனினமும் இங்கு உண்டு. இழந்தபின் அதை வேறிடத்திலிருந்து கொண்டுவர முடியாது.

நாம் செய்யக்கூடியவை

1. மருத்துவர் சொல்லாமல் அன்டிபயோட்டிக் மருந்தை வாங்காதிருப்போம். சொன்னால், சொன்னபடி உட்கொள்வோம்.

2. மிஞ்சிய மருந்தை நீரில் கொட்டாதிருப்போம். மருந்தகமோ வைத்தியசாலையோ மீளப் பெறுமா எனக் கேட்போம். இல்லையேல் தேயிலைச் சக்கையுடன் கலந்து, இறுகக் கட்டி, உள்ளூராட்சி சபையின் குப்பையில் சேர்ப்போம்.

3. மருந்து கொடுத்த கால்நடைகளின் சாணத்தையும் சிறுநீரையும் ஓடைக்கு எட்டாமல் வைப்போம்.

4. மீன் வளர்ப்போர் அதிகாரிகளின் ஆலோசனையின்றிக் குளத்தில் மருந்திட வேண்டாம்.

தொடக்கநூலின் படைப்பு வரலாற்றில், மனிதருக்கு முன்னரே மீன்களும் பறவைகளும் இறைவனின் ஆசியைப் பெறுகின்றன. பலுகிப் பெருகுமாறு அவர் ஆசியளித்தவற்றை மலடாக்க நமக்கு உரிமையில்லை.

குழுவில் சிந்திக்க

1. நமது வீடுகளில் மிஞ்சிய மருந்துகள் எங்கே போகின்றன?

2. நமது ஓடையின் கீழ்ப்புறத்தில் அந்நீரைப் பயன்படுத்துவோர் யார்?

3. மிஞ்சிய மருந்தைச் சேகரிக்க நமது சங்கம் யாருடன் பேசலாம்?