மேட்டு நிலத்துக் கல்வட்டங்கள்

ஊருக்குப் புறத்தே மேட்டு நிலத்தில் பெருங்கற்கள் வட்டமாய் நாட்டப்பெற்று, நடுவே மண்ணும் சிறுகல்லும் குவிந்து கிடப்பதை அங்கத்தினர்கள் பலர் கண்டிருக்கலாம். ஊரார் பாண்டவர் குழி என்பர். பாண்டவருக்கும் இதற்கும் தொடர்பில்லை. இரும்புக் காலத்து மக்கள் தம் இறந்தோருக்கு எடுத்த ஈமச்சின்னமே இது. குவியலின் கீழே பலகைக் கற்களாலான கல்லறையோ, சுட்ட மண்ணாலான ஈமப்பேழையோ, தாழியோ இருக்கும். உடன் கறுப்பு சிவப்பு மட்கலங்களும் இரும்புக் கருவிகளும் வைக்கப்பட்டிருக்கும். புதையலை நாடித் தோண்டுவோர் பெரும்பாலும் பானையோட்டையே காண்கின்றனர்.

செங்கற்பட்டுப் பகுதியில் சாணூரில் 1950லும் 1952லும் இத்தகைய ஈமக்காடு அகழ்ந்து ஆராயப்பட்டது. திருவண்ணாமலை மாவட்டம் கீழ்நமண்டியில் கிடைத்த ஈமப்பேழையின் காலம் கி.மு. 1692 என மாநிலத் தொல்லியல் துறை 2025இல் வெளியிட்டது. கரியும் கலமும் வைத்த இடத்திலேயே கிடந்தால்தான் இவ்வாறு காலத்தைக் கணிக்க இயலும். குழியைக் கலைத்த பின்னர், எடுத்த பானையைக் கொண்டு அதிகம் அறிய முடியாது.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஓடையில் தடுப்பணை கட்டும் மதிப்பீட்டில் யான் கையொப்பமிட்டேன். கல் அருகிலேயே கிடைப்பதால் வண்டிச் செலவு மிச்சம் என்று அதில் கண்டிருந்தது. எங்கிருந்து என்று கேட்டேனில்லை. பார்வையிடச் சென்றபோது மூன்று வட்டங்களின் கற்கள் அணைச் சுவரில் இருந்தன! பிழை என்னுடையதே.

வெளியே சொன்னால் பட்டா நிலம் போய்விடுமென்று விவசாயிகள் அஞ்சுகின்றனர். அரை ஏக்கரை நம்பி வாழ்பவர் அஞ்சுவது இயல்பே. ஆயினும் தகவல் தந்த மாத்திரத்தில் நிலம் பாதுகாக்கப்பட்ட இடமாகிவிடாது. 1958ஆம் ஆண்டு மத்தியச் சட்டப்படி, அவ்வாறு அறிவிக்குமுன் இரண்டு மாத முன்னறிவிப்புத் தரவேண்டும். அதற்குள் உரியவர் ஆட்சேபம் தெரிவிக்கலாம்.

புறம்போக்கிலுள்ள வட்டங்களைப் பஞ்சாயத்தே முதலில் கணக்கெடுக்கலாம். சர்வே எண்ணையும் வட்டங்களின் எண்ணிக்கையையும் குறித்து, கிராம நிர்வாக அலுவலருக்கும் தொல்லியல் துறைக்கும் எழுதுக. அவ்விடத்தில் சரளை மண் எடுக்க இசைவு தரலாகாது. மரக்கன்று நடுவதும் வேண்டாம். குழியும் வேரும் கல்லறையைக் குலைத்துவிடும். பட்டா நிலத்தில் டிராக்டர் உழவை வட்டத்திற்கு வெளியே நிறுத்திக்கொள்க. கலம் ஏதேனும் தென்பட்டால் எடுக்காமல் மண்ணால் மூடிவைத்து, கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்கவும்.