ஆடுகளமும் ஊர்ப்பற்றும்

நுழையும்முன்

ஒரு கால்பந்தாட்டம் தொண்ணூறு நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. அதன்மீது மக்கள் கொள்ளும் பற்றோ தலைமுறைகளைக் கடந்து நிற்கிறது. ஒரு கழகத்தின் வெற்றியைத் தம் வெற்றியாகவும் அதன் தோல்வியைத் தம் இழப்பாகவும் கருதும் மனநிலை எவ்வாறு உருவாகிறது? அப்பற்று எப்போது மனிதரை இணைக்கிறது? எப்போது பிரிக்கிறது? கொல்கத்தா முதல் வியாசர்பாடி வரை விரிந்துள்ள இந்தியக் கால்பந்தின் வரலாற்றைக் கொண்டு இவ்வினாக்களுக்கு விடை தேடுகிறது இப்பாடம்.

கள்ளக்குறிச்சியின் கருணாபுரத்திலோ கல்வராயன் மலையடிவாரத்துச் சிற்றூர் ஒன்றிலோ வாழும் ஒரு மாணவர், தாம் ஒருமுறையும் கண்டிராத மான்செஸ்டர் நகரத்துக் கழகம் ஒன்றிற்காக நள்ளிரவில் விழித்திருக்கக்கூடும். அக்கழக வீரர்களின் பெயர்களையும் அவர்கள் அணியும் எண்களையும் பிழையின்றி ஒப்பிக்கவும் கூடும். அதே மாணவர், அருகிலுள்ள கடலூர் மாவட்டத்திலிருந்து புறப்பட்டு இந்திய மகளிர் அணியில் ஆடிய இந்துமதி கதிரேசனின் பெயரை அறியாதிருக்கவும் கூடும். தொலைக்காட்சியும் அலைபேசியும் தொலைவிலுள்ளதை அருகே கொணர்ந்துள்ளன. அருகிலுள்ளது அதனால் கண்ணுக்கு மறைந்துவிடுகிறது. தொலைதூரக் கழகத்தை விரும்புவது தவறன்று. ஆயினும் கழகப்பற்று என்பது தொடக்கத்தில் எதைப் பற்றி வளர்ந்தது என்பதை அறிந்தால்தான் அதன் முழுப்பொருள் விளங்கும்.

வெறுங்காலால் வென்ற வெற்றி

இந்தியாவில் கழகப்பற்று வேரூன்றிய முதன்மையான நகரம் கொல்கத்தா. அங்கு 1889இல் மோகன் பகான் கழகம் தோன்றியது. 1911ஆம் ஆண்டு சூலை 29ஆம் நாள் நடைபெற்ற ஐ.எஃப்.ஏ. கேடயத்தின் இறுதியாட்டத்தில் அவ்வணி, கிழக்கு யார்க்சயர் படைப்பிரிவு என்னும் ஆங்கிலேய அணியை 2-1 என்ற கணக்கில் வென்றது. களமிறங்கிய பதினொருவரில் பதின்மர் வெறுங்காலுடன் ஆடினர். ஆட்சியாளரை அவர்களுடைய ஆட்டத்திலேயே, அவர்களுடைய விதிகளுக்கு உட்பட்டே வெல்ல முடியும் என்பதை அவ்வெற்றி மக்களுக்கு உணர்த்தியது. அந்நாள் இன்றும் மோகன் பகான் நாளாகக் கொண்டாடப்படுகிறது. பச்சையும் அரக்குச் சிவப்பும் கலந்த அக்கழகத்தின் சட்டை, விளையாட்டு உடை என்பதைக் கடந்து விடுதலை உணர்வின் அடையாளமாயிற்று.

நீக்கப்பட்ட வீரரும் புதிய கழகமும்

1920ஆம் ஆண்டு சூலைத் திங்களில் சோராபகான் அணி மோகன் பகானை எதிர்கொண்டது. அவ்வாட்டத்தில் சைலேசு போசு என்னும் வீரருக்கு இடம் மறுக்கப்பட்டது. அவர் கிழக்கு வங்கத்தைச் சேர்ந்தவர். அணியின் பொறுப்பாளர்களுள் ஒருவரான சுரேசு சந்திர சௌத்ரி இதனை ஏற்காமல் வெளியேறினார். அவரும் அவரைச் சார்ந்தோரும் ஆகஸ்டு முதல் நாளில் ஈஸ்ட் பெங்கால் கழகத்தை நிறுவினர்.

1947இல் நாடு பிரிக்கப்பட்டபோது கிழக்கு வங்கத்திலிருந்து இலட்சக்கணக்கானோர் வீடும் நிலமும் இழந்து கொல்கத்தாவை அடைந்தனர். அவர்களுடைய ஊர் வேற்று நாட்டில் இருந்தது. ஊரின் பெயரோ சிவப்பும் பொன்னிறமும் கொண்ட ஒரு கொடியில் எஞ்சியிருந்தது. எனவே ஈஸ்ட் பெங்கால் அவர்களுக்கு இழந்த ஊருக்கு ஈடாக அமைந்தது. ஈஸ்ட் பெங்கால் வென்றால் உல்லம் மீனும் மோகன் பகான் வென்றால் இறாலும் சமைத்து உண்ணும் வழக்கம் இவ்வாறு பிறந்தது. போட்டி, சமையற்கட்டு வரை சென்று குடும்ப மரபாயிற்று. 1997ஆம் ஆண்டு சூலை 13ஆம் நாள் இவ்விரு அணிகளும் மோதிய கூட்டமைப்புக் கோப்பை அரையிறுதியைக் காண ஒரு இலட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் சால்ட் லேக் விளையாட்டரங்கில் திரண்டனர் என்பது அம்மரபின் வலிமையைக் காட்டும்.

| தெரிந்து தெளிவோம் |
|---|
| ‘கழகம்’ என்னும் சொல் திருக்குறளின் சூது அதிகாரத்தில் சூதாடும் இடத்தைக் குறித்து வருகிறது. பின்னர் அச்சொல் கற்றோர் கூடும் அவையையும் அமைப்புகளையும் குறிக்கலாயிற்று. இன்று கால்பந்துக் கழகம் என வழங்கும்போது ஆடுமிடம், கூடும் மக்கள் என்னும் இரு பொருள்களும் அச்சொல்லில் மீண்டும் ஒன்றுசேர்வதைக் காணலாம். |

தெற்கிலிருந்து சென்ற கால்கள்

கொல்கத்தாவின் பெருமையைக் கட்டியெழுப்பியதில் தென்னாட்டு வீரர்களுக்குப் பெரும்பங்கு உண்டு. ஈஸ்ட் பெங்கால் அணியின் முன்வரிசையில் ஆடிய வெங்கடேசு, அப்பாராவ், தன்ராசு, அகமது கான், சாலே ஆகிய ஐவரும் தென்னிந்தியர். ‘பஞ்ச பாண்டவர்’ என ரசிகர்கள் அவர்களைப் போற்றினர். 1949, 1950, 1951 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் தொடர்ந்து ஐ.எஃப்.ஏ. கேடயத்தை அக்கழகம் வென்றது. கிழக்கு வங்கத்தார் அல்லர் என்பதற்காகவே ரசிகர்கள் இவர்களை அயலாராகக் கருதியிருக்கலாம், அவ்வாறு கருதவில்லை. பிறப்பிடத்தின் பெயரால் ஒரு வீரர் விலக்கப்பட்டதை எதிர்த்துத் தோன்றிய கழகம், வேற்றுமொழி பேசிய ஐவரைத் தன் நாயகர்களாக ஏற்றுக்கொண்டது. கழகப்பற்றின் உயர்ந்த பண்பு இதுவே.

ஒலிம்பிக் வரலாற்றிலும் தெற்கின் தடம் பதிந்துள்ளது. 1948இல் இலண்டனில் பிரான்சு அணிக்கு எதிராக இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கோலை அடித்தவர் சாரங்கபாணி இராமன். 1960இல் ரோம் நகரில் பெரு அணிக்கு எதிராகக் கோல் அடித்தவர் சைமன் சுந்தரராசு. அதன்பின் இந்திய ஆடவர் அணி ஒலிம்பிக் கால்பந்துக்குத் தகுதி பெறாமையால், அதுவே இன்றுவரை இந்தியாவின் இறுதி ஒலிம்பிக் கோலாக நிற்கிறது. 1973இல் கேரளம் முதன்முறையாகச் சந்தோஷ் கோப்பையை வென்றபோது அவ்வணிக்குப் பயிற்சியளித்தவரும் இவரே. ஒரு வரலாற்றின் இரு முனைகளிலும் நிற்கும் இப்பெயர்கள் நம் நினைவில் நிற்கின்றனவா என்பது எண்ணிப்பார்க்கத்தக்கது.

இம்மரபு இன்றும் தொடர்கிறது. 2019ஆம் ஆண்டு சனவரிக்குப் பின் நான்கரை ஆண்டுகள் மோகன் பகானை வெல்ல இயலாமல் ஈஸ்ட் பெங்கால் தவித்தது. 2023ஆம் ஆண்டு ஆகஸ்டு 12ஆம் நாள் தூரந்து கோப்பை ஆட்டத்தில் அத்தவிப்பை முடித்துவைத்த ஒற்றைக் கோலை அடித்தவர் சென்னையைச் சேர்ந்த நந்தகுமார் சேகர். 2024 சனவரியில் சூப்பர் கோப்பையின் இறுதியாட்டத்திலும் தம் முந்தைய அணியான ஒடிசாவுக்கு எதிராக அவர் கோல் அடித்தார். பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் ஈஸ்ட் பெங்கால் தேசிய அளவிலான கோப்பையை ஏந்தியது.

வெள்ளமும் வெற்றியும்

சென்னையில் நெடுங்காலம் கால்பந்தை வளர்த்தவை தென்னக இரயில்வே, இரயில்பெட்டித் தொழிற்சாலை, இந்தியன் வங்கி முதலான நிறுவனங்களின் அணிகள். நன்றாக ஆடும் இளைஞருக்கு அவ்வணிகள் வேலையையும் வழங்கின. வடசென்னையின் வியாசர்பாடி போன்ற பகுதிகளில் பந்து, பொழுதுபோக்கு என்பதோடு நில்லாமல் குடும்பத்தின் வாழ்வை மாற்றும் வழியாகவும் கருதப்பட்டது இதனாலேயே.

2014இல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியபோது சென்னையின் எஃப்.சி. தோன்றியது. அக்கழகத்தையும் நகரத்தையும் பிணைத்தது 2015ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள். பெருவெள்ளம் நகரைச் சூழ்ந்ததால் தன் சொந்தக் களத்தில் ஆடவேண்டிய அரையிறுதியின் முதல் ஆட்டத்தை அவ்வணி புனே நகரில் ஆட நேர்ந்தது. ஆதரவாளர்கள் தத்தம் வீடுகளில் சேற்றை அகற்றிக்கொண்டிருந்த நாள்களில், வேற்றூரில் கொல்கத்தா அணியை 3-0 என வென்றது. திசம்பர் 20ஆம் நாள் கோவாவில் நடந்த இறுதியாட்டத்தின் 87ஆம் நிமிடத்தில் கோவா அணி 2-1 என முன்னிலை பெற்றது. எஞ்சிய சில நிமிடங்களில் இரு கோல்களைப் பெற்றுச் சென்னை கோப்பையை வென்றது. நீர் வடிந்த தெருக்களில் அன்றிரவு எழுந்த மகிழ்ச்சி, ஒரு விளையாட்டு வெற்றிக்கு உரியது மட்டுமன்று. மீண்டெழ முடியும் என்னும் நம்பிக்கைக்கும் உரியது.

2018 மார்ச்சில் கோவாவுக்கு எதிரான அரையிறுதியில் கோல் அடித்த தனபால் கணேஷ் வியாசர்பாடியில் வளர்ந்தவர். அவ்வாண்டு பெங்களூரு அணியை அதன் களத்திலேயே 3-2 என வென்று சென்னை இரண்டாம் முறையாக வாகை சூடியது. அயல்நாட்டு வீரர் பலர் ஆடும் அணியில் தம் தெருவில் ஆடிய ஒருவரைக் காணும்போது ரசிகருக்கு ஏற்படும் பெருமிதம் தனித்தன்மையது. அவ்வீரர் வழியாகத் தெருவே களத்தில் இறங்குகிறது.

கழகம் யாருக்கு உரியது?

கோயம்புத்தூரைக் களமாகக் கொண்டு ஆடிய சென்னை சிட்டி எஃப்.சி. 2018-19 பருவத்தில் ஐ-லீக் பட்டத்தை வென்றது. இரண்டாமிடம் பெற்ற ஈஸ்ட் பெங்காலைவிட ஒரே ஒரு புள்ளி கூடுதலாகப் பெற்றிருந்தது. ஆனால் 2020-21 பருவத்திற்குப் பின் அக்கழகம் ஐ-லீக்கில் ஆடவில்லை. கோப்பையை வென்ற அணி மறைந்தது. நேரு விளையாட்டரங்கின் படிகளில் அமர்ந்து அதனைக் கண்டவர்களின் நினைவு மட்டும் எஞ்சியது.

இங்கிலாந்தின் விம்பிள்டன் கழகத்தை வேறு நகருக்குக் கொண்டுசெல்ல 2002இல் ஒப்புதல் அளிக்கப்பட்டபோது, அதன் ரசிகர்கள் தாமே ஒரு புதிய கழகத்தைத் தொடங்கினர். ஒன்பதாம் படிநிலையிலிருந்து ஆடத் தொடங்கிய அக்கழகம் 2011இல் தொழில்முறை லீக்கை எட்டியது. 2020இல் தன் பழைய பகுதிக்கே திரும்பியது. கொல்கத்தாவிலும் 2020இல் மோகன் பகானின் பெயருக்கு முன் வேறொரு பெயர் சேர்க்கப்பட்டது. ரசிகர்கள் தொடர்ந்து எதிர்த்தனர். 2023இல் அப்பெயர் நீக்கப்பட்டது. முதலீடு செய்தவர் கழகத்தை நடத்தலாம். அதன் பெயரையும் நிறத்தையும் நினைவையும் காப்பவர்கள் ரசிகர்களே என்பதற்கு இவை சான்றுகள்.

பகைமையின் எல்லை

பற்று அளவு கடந்தால் அழிவாகும். 1980ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் நாள் ஈடன் தோட்டத்தில் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் ஆடியபோது பார்வையாளர் பகுதியில் கலவரமும் நெரிசலும் ஏற்பட்டுப் பதினாறு ரசிகர்கள் உயிரிழந்தனர். ஆட்டம் காண வீட்டிலிருந்து புறப்பட்டவர்கள் திரும்பவில்லை. இறந்தோரின் நினைவாக அந்நாளில் கொல்கத்தாவில் குருதிக்கொடை முகாம்கள் நடத்தப்படுகின்றன. சிந்திய குருதிக்கு ஈடாகக் குருதி வழங்குவது, தவற்றை மறவாமல் திருத்திக்கொள்ளும் ஒரு நகரத்தின் நோன்பு எனலாம்.

நாற்பத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின், அதே ஆகஸ்டுத் திங்களில் வேறொரு காட்சி அரங்கேறியது. 2024இல் கொல்கத்தாவில் பணியிலிருந்த பெண் மருத்துவர் ஒருவர் கொல்லப்பட்ட கொடுமை நாட்டை உலுக்கியது. ஆகஸ்டு 18ஆம் நாள் நடைபெறவிருந்த இவ்விரு அணிகளின் ஆட்டம் பாதுகாப்புக் காரணங்களுக்காக நீக்கப்பட்டது. ஆட்டம் இல்லாதபோதும் ரசிகர்கள் அரங்கின் முன் திரண்டனர். மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங் ஆகிய மூன்று கழகங்களின் கொடிகளும் நீதி கேட்டு ஒன்றாக உயர்ந்தன. எதிரணியின் சட்டை அணிந்தவரைத் தோளில் ஏற்றி முழக்கமிட்டனர். நூறாண்டுப் போட்டி, பகைமையை மட்டும் வளர்க்கவில்லை. ஒருவரை ஒருவர் நன்கறிந்த உறவையும் வளர்த்திருந்தது என்பதை அந்நாள் மெய்ப்பித்தது.

அருகிலுள்ள களம்

2019இல் மதுரையின் சேது எஃப்.சி. இந்திய மகளிர் லீக்கை வென்றது. 2018இலும் 2023இலும் தமிழக மகளிர் அணி தேசியப் பட்டத்தை வென்றது. இவ்வெற்றிகளைக் கொண்டாட நிரம்பிய அரங்குகள் தேவையில்லை. பெயர்களை அறிந்து நினைவிற்கொள்ளும் மக்கள் போதும். வீரர் ஓய்வு பெறுகிறார்; கோப்பையில் தூசி படிகிறது; கழகம் மறைந்துவிடவும் கூடும். ‘அன்று அவர் அடித்த அந்தக் கோல்’ என ஒரு முதியவர் திண்ணையில் தொடங்கும் கதை மட்டும் அடுத்த தலைமுறையை அடைகிறது. தொலைதூரக் கழகங்களுக்குக் கதைசொல்லிகள் பலர் உள்ளனர். நம் ஊர் மைதானத்தின் கதையை நாம் சொல்லாவிடில் வேறெவரும் சொல்லப்போவதில்லை.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் முன்னாளில் சிறந்து விளங்கிய விளையாட்டு வீரர் அல்லது வீராங்கனை ஒருவரைப் பற்றி முதியோரிடம் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் எழுதுக.
2. ‘போட்டி உறவை வளர்க்கிறது – பகையை வளர்க்கிறது’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.

குறுவினா

1. ஈஸ்ட் பெங்கால் கழகம் தோன்றக் காரணமான நிகழ்வு யாது?
2. ‘அவ்வீரர் வழியாகத் தெருவே களத்தில் இறங்குகிறது’ – இத்தொடரின் பொருளை விளக்குக.

நெடுவினா

1980, 2024 ஆகிய ஆண்டுகளில் கொல்கத்தா ரசிகர்களிடையே நிகழ்ந்தவற்றை ஒப்பிட்டு, கழகப்பற்று பற்றிய உம் கருத்தைக் கட்டுரையாக வரைக.