கண்ணுக்கு எட்டாப் பெருநிறை

300 கோடி ஒளியாண்டுகளுக்கும் அப்பால், விண்மீன் மண்டலத் தொகுதிகள் இரண்டு மோதி ஊடுருவிச் சென்றுள்ளன. குண்டுத் தொகுதி என்பது அதன் பெயர். அதன் மண்டலங்களை நாம் ஒளித் தொலைநோக்கியிற் காண்கின்றோம். விண்மீன்களினும் நிறைமிக்க வெப்பவாயுவையோ, சந்திரசேகரர் பெயர் தாங்கி 1999-இல் விண்ணேகிய சந்திரா எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கி காட்டுகின்றது. மோதலில் மண்டலங்கள் தடையின்றிக் கடந்தன. வாயு தடைப்பட்டுப் பின்தங்கிற்று. ஆகவே நிறையும் வாயுவினிடத்தே தங்கியிருத்தல் வேண்டுமென எண்ணுவோம். ஆயின், நிறை ஒளியை வளைக்குமாதலின், பின்னணி மண்டலங்களின் உருத்திரிபை அளந்தோர், பெருநிறை மண்டலங்களோடே சென்றதென 2006-இல் அறிவித்தனர். ஒளியும் எக்ஸ்-கதிரும் உமிழா அப்பொருளைக் கரும்பொருள் என்பர். இருவகைக் காட்சிகளையும் ஒப்புநோக்கியதனாலன்றோ, காணப்படாததன் இருப்பிடம் நமக்குத் தெரியலாயிற்று!