தீர விசாரிப்பதே மெய்

மகன் கைப்பேசியில் ஒரு வீடியோ பார்த்தான். அதில் புரூஸ் லீ பிங்பாங் விளையாடினார். கையில் மட்டை இல்லை. சங்கிலியால் இணைத்த இரண்டு கட்டைகள் இருந்தன. அதன் பெயர் நுஞ்சாக்கு. அதைச் சுழற்றியே பந்தை அடித்தார்.

மகனுக்கு ஆசை வந்தது. இரண்டு கட்டைகளைக் கயிற்றால் கட்டினான். வேகமாகச் சுழற்றினான். கட்டை திரும்பி வந்து நெற்றியில் அடித்தது. புருவத்துக்கு மேலே வீங்கிவிட்டது. கொஞ்சம் கீழே பட்டிருந்தால் கண் போயிருக்கும்.

"புரூஸ் லீ செய்தாரே! நானே பார்த்தேன் அம்மா" என்று அழுதான்.

"பார்த்தால் போதுமா? விசாரிக்க வேண்டாமா?" என்றார் அம்மா. பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டார். அக்கா கல்லூரியில் பிங்பாங் விளையாடுகிறவர். மூவரும் மூன்று கேள்விகள் கேட்டுப் பார்த்தார்கள்.

கேள்வி 1: இது நடக்கக்கூடியதா?

"பந்தின் எடை 2.7 கிராம்தான். மேசையின் நீளம் சுமார் 9 அடி. வேகமாக அடித்தால் அரை நொடிக்குள் பந்து வந்துவிடும். மட்டை தட்டையானது. பந்தைத் திருப்பி அனுப்பலாம். கட்டை உருண்டையானது. கொஞ்சம் விலகிப் பட்டாலும் பந்து வேறு பக்கம் ஓடிவிடும். ஒருமுறை சரியாகப் படலாம். ஒவ்வொரு முறையும் படுமா?" என்றார் அக்கா.

கேள்வி 2: எப்போது வந்தது?

புரூஸ் லீ 1973-இல் இறந்துவிட்டார். வீடியோ வந்தது 2008-இல். இவ்வளவு பெரிய சாதனை 35 ஆண்டுகள் எங்கே ஒளிந்திருந்தது?

கேள்வி 3: யார் எடுத்தது? எதற்கு?

கைப்பேசியிலேயே தேடினார்கள். அம்மா எழுத்துக் கூட்டிப் படித்தார். அது நோக்கியா கைப்பேசிக்காகச் சீனாவில் எடுத்த விளம்பரம். நடித்தவர் புரூஸ் லீயைப் போலத் தோற்றம் உள்ள வேறு ஒருவர். பந்தைப் பிறகு கம்ப்யூட்டரில் சேர்த்தார்கள்.

"அப்படியானால் புரூஸ் லீ ஏமாற்றினாரா?" என்று கேட்டான் மகன்.

"இல்லை தம்பி. அவர் உண்மையான வீரர். பல ஆண்டுகள் பயிற்சி செய்தவர். இது அவர் இறந்த பிறகு மற்றவர்கள் செய்த வேலை" என்றார் அக்கா.

அவர் மேலும் சொன்னார்: "இதில் நெற்றி வீங்கியதோடு போயிற்று. 2018-இல் பிள்ளை கடத்தும் வீடியோ ஒன்று பரவியது. அது கராச்சியில் எடுத்த விழிப்புணர்வுப் படம். பிள்ளைகளைக் காப்பாற்றச் சொல்லும் படம். முடிவை வெட்டிவிட்டுப் பரப்பினார்கள். அப்படிப்பட்ட வதந்திகளை நம்பி, நம் நாட்டில் பல ஊர்களில் அப்பாவிகளை அடித்தே கொன்றார்கள்."

அம்மா கயிற்றை அவிழ்த்தார். இரண்டு கட்டைகளையும் அடுப்பில் வைத்தார்.

விடை சொல்லுங்கள்

1. மூவரும் கேட்ட மூன்று கேள்விகள் எவை?
2. கராச்சிப் படத்தில் எதை வெட்டினார்கள்? அதனால் என்ன நடந்தது?
3. உங்களுக்கு வந்த ஒரு வீடியோவை நினைத்துக்கொள்ளுங்கள். இந்த மூன்று கேள்விகளையும் கேட்டுப் பாருங்கள்.