சிறிய ஜெட்டும் நம் ஊர்ப் பயணமும்



போபோடியில் எங்கள் மாடியிலிருந்து பார்த்தால் லோகேகாவ் விமானங்கள் தெரியும். "மதுரைக்கு இங்கிருந்து நேராகப் போனால் என்ன?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஊரில் யாருக்கேனும் உடல்நிலை மோசம் என்று தந்தியோ தொலைபேசியோ வந்து, ஒன்றரை நாள் ரயிலில் தவித்த குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். ஆகவே இது விளையாட்டுக் கேள்வி அல்ல.

விடை ஆசனக் கணக்கில் இருக்கிறது. 180 ஆசன விமானத்தில் 60 பேர் ஏறினால் மூன்றில் இரு பங்கு காலி. அதே 60 பேர் 75 ஆசன விமானத்தில் ஏறினால் அது ஏறக்குறைய நிறைந்துவிடும். இப்படிப்பட்ட வழித்தடங்களுக்காகவே பிரேசில் நாட்டின் எம்ப்ரேயர் நிறுவனம் 'இ-170' என்ற சிறு ஜெட்டை உருவாக்கியது. அது 2002 பிப்ரவரியில் முதன்முதலாகப் பறந்து, 2004இல் சேவைக்கு வந்தது. இடைவழியின் இருபுறமும் இரண்டிரண்டு இருக்கைகள்தாம். நடுவில் நெருக்குண்டு உட்கார வேண்டியதில்லை.

இந்தியாவுக்கு அதைக் கொண்டுவந்தவர்கள் தமிழ்நாட்டவர்கள் என்பது நம் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். மதுரையைச் சேர்ந்த ஆலைக் குழுமம் தொடங்கிய பாரமவுண்ட் ஏர்வேஸ், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 2005 அக்டோபரில் பறக்கத் தொடங்கியது. சிறு விமானத்தைத் தேர்ந்தெடுத்ததில் கெட்டிக்காரத்தனம் இருந்தது. 80க்குக் குறைந்த ஆசனமுள்ள உள்நாட்டு விமானங்களுக்கு இறங்கு கட்டணம் 2004இல் நீக்கப்பட்டிருந்தது. 40 டன்னுக்குக் குறைந்த விமானங்களின் எரிபொருளுக்கு விற்பனை வரி 4 சதவீதம் என்ற சலுகையும் பின்னர் வந்தது. பெரிய விமானங்களுக்கோ சில மாநிலங்களில் 30 சதவீதம் வரை!

ஆயினும் 2010இல் விமானங்களைக் குத்தகைக்குத் தந்தவர்களோடு வழக்கு முற்றி, சேவை நின்றது. சொந்த விமானம் இல்லாதவன் நிலை வாடகை வீட்டுக்காரன் நிலைதான். நமக்குப் புரியாததா?

ஜெட்தான் வேண்டுமா என்பதும் நியாயமான கேள்வி. சென்னை–மதுரை சுமார் 420 கிலோமீட்டர். அந்தத் தூரத்தில் மணிக்கு 500 கிலோமீட்டர் செல்லும் விசிறி விமானமான ஏ.டி.ஆர். போதும், எரிபொருளும் குறைவு. ஜெட் மிச்சப்படுத்துவது சில நிமிடங்களே. ஆனால் புணே–மதுரை ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல். அங்கே முக்கால் மணி நேரம் வரை மிச்சமாகும். சிறு ஜெட்டுக்கு உரிய இடம் அதுதான் என்பது என் கருத்து.

அண்டை ஊரான கோலாப்பூரைச் சேர்ந்த குழுமத்தின் ஸ்டார் ஏர் 2019இல் 50 ஆசன எம்ப்ரேயர் 145 ஜெட்டுகளோடு தொடங்கி, 2023இல் 76 ஆசன இ-175க்கு வளர்ந்தது. உடான் திட்டத்தின் மானியம் அதற்குத் துணை நின்றது.

நாமே கட்டக் கூடாதா? கான்பூரில் 1961 முதல் ஆவ்ரோ விசிறி விமானங்களைக் கட்டினோம். அதன்பின் நீண்ட இடைவெளி. 2025 அக்டோபரில் எச்.ஏ.எல்., ரஷ்யாவின் எஸ்.ஜே.-100 ஜெட்டை இங்கே தயாரிப்பதற்கான புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. அதில் சுமார் 100 ஆசனங்கள்; புறப்படும் எடை 45 டன்னுக்கு மேல். மேலே சொன்ன 80 ஆசனம், 40 டன் என்ற இரண்டு கோடுகளுக்கும் அது வெளியே நிற்கிறது.