சுவரில் சாய்த்த தகடு: வேர்க்ஷொப் முதலாளிகளுக்கு ஒரு பாடம்

தகட்டு வேலை, வெல்டிங் வேலை செய்யும் சகோதரர்களைச் சந்திக்கும்போதெல்லாம் நான் கேட்கும் முறைப்பாடு ஒன்றுதான்: "இடம் போதாது." நானும் அதையே சொல்லிக்கொண்டிருந்தவன்தான். மாவனெல்லையில் எனது வேர்க்ஷொப் 40 அடி நீளமும் 20 அடி அகலமும் கொண்டது. கேற், தண்ணீர்த் தாங்கி ஸ்டாண்ட், பேக்கரித் தட்டு, ஹோட்டல்களுக்கான ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீல் மேசை என்பனவற்றைச் செய்து வருகின்றோம். இடம் போதாதென்று பக்கத்துக் கடையையும் வாடகைக்கு எடுக்கப் பேசிக்கொண்டிருந்தேன். அந்த நாட்களில்தான், 2021 ஆம் ஆண்டில், அந்த விபத்து நடந்தது.

எல்லோரையும் போல நாங்களும் தகடுகளைச் சுவரில் சாய்த்தே வைத்திருந்தோம். பின்னால் 18 கேஜ் தகடு, முன்னால் 3 மில்லிமீற்றர் தகடுகள் பத்து. 18 கேஜ் தகடு ஒன்று தேவைப்பட்டது. முன்னால் இருந்த தகடுகளைப் புத்தகத்தின் பக்கங்களைப் புரட்டுவது போல ஒவ்வொன்றாகத் தன் பக்கம் சாய்த்துத் தோளில் தாங்கினார் எங்கள் பையன் ஒருவர். மற்றவர் பின்னால் கையை விட்டுத் தேடினார். தாங்கியவரால் தாங்க முடியவில்லை. முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாக உடைந்தது. ஐந்து மாதங்கள் அவர் வேலைக்கு வரவில்லை.

வைத்தியசாலையில் அவரைப் பார்க்கப் போனபோது, "நானா, நான் இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடிச்சிருக்கணும்" என்று என்னிடம் மன்னிப்புக் கேட்டார். அன்றிரவு கடதாசியும் பென்சிலும் எடுத்துக் கணக்குப் பார்த்தேன். யார் பிடித்திருந்தாலும் அதைப் பிடித்திருக்க முடியாது.

முதலில் பாரத்தை அறிவோம்

இரும்புத் தகட்டின் பாரத்தைக் கணிப்பது சுலபம். ஒரு சதுர மீற்றர் பரப்பும் ஒரு மில்லிமீற்றர் தடிப்பும் உள்ள தகடு 7.85 கிலோ. நாம் வாங்கும் எட்டுக்கு நாலு அடித் தகட்டின் பரப்பு ஏறத்தாழ 3 சதுர மீற்றர். ஆகவே தடிப்பு ஒரு மில்லிமீற்றருக்குச் சுமார் 23 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். 3 மில்லிமீற்றர் தகடு ஒன்று 70 கிலோ, 6 மில்லிமீற்றர் தகடு ஒன்று 140 கிலோ.

எங்கள் பையனின் தோளில் சாய்ந்தவை பத்துத் தகடுகள், அதாவது 700 கிலோ. நாலு அடி உயரத்தில் நிமிர்ந்து நிற்கும்போது அந்தப் பாரத்தை நிலம் தாங்குகிறது, ஒரு விரலாலும் பிடிக்கலாம். மேல் விளிம்பு 8 அங்குலம் முன்னால் சாய்ந்தால் அதைத் தடுக்க 60 கிலோ விசை வேண்டும். 16 அங்குலம் சாய்ந்தால் 125 கிலோ வேண்டும். தொடக்கத்தில் இலேசாகத் தெரிவதுதான் இதிலுள்ள ஏமாற்று. பாரம் புரியும் நேரத்தில் ஆளுக்கு விலகிக்கொள்ள வழி இராது.

அடுத்து இடத்தை அளப்போம்

மறுநாள் நாடாவை எடுத்து அளந்தேன். நிலத்தில் படுக்க வைத்த குவியல்கள் மூன்று, ஒன்றுக்கு 32 சதுர அடி வீதம் 96. சுவரில் சாய்த்தவை நாலு இடங்களில், ஒன்றுக்கு 20 வீதம் 80. மொத்தம் 176 சதுர அடி. எனது 800 சதுர அடியில் ஐந்தில் ஒரு பங்குக்கும் அதிகமான இடத்தைத் தகடு பிடித்திருந்தது. நான் வாடகைக்குத் தேடிய இடம் எனது வேர்க்ஷொப்புக்குள்ளேயே கிடந்தது.

அன்று நான் எழுதி ஒட்டிய விதி இது: ஒரு தகட்டை எடுக்க வேறு இனத் தகடு ஒன்றை நகர்த்த வேண்டியிருந்தால், அந்த அடுக்கு இடத்தையும் விழுங்கும், ஆளையும் விழுங்கும். இடமும் பாதுகாப்பும் இரண்டு பிரச்சினைகள் அல்ல, ஒன்றுதான்.

நாங்கள் செய்த மாற்றங்கள்

1. மெல்லிய தகடுகளுக்குப் படுக்கை இறாக்கை. 2 மில்லிமீற்றர் வரையிலான தகடுகள் நிமிர்த்தினால் வளையும், ஆகவே அவற்றைப் படுக்க வைக்க வேண்டும். சனல் இரும்பில் 9 அடிக்கு 5 அடி அளவில் ஐந்து தட்டுகள் கொண்ட இறாக்கை செய்தோம். ஒவ்வொரு தட்டிலும் இரண்டு அடிக்கு ஒரு குறுக்குச் சட்டம் உண்டு, இல்லாவிட்டால் தகடு தொய்ந்துவிடும். பாரமானவை கீழே, இலேசானவை மேலே. வெட்டும் மேசையின் உயரத்தில் தள்ளுவண்டி ஒன்றும் செய்துள்ளோம். தகட்டைத் தூக்குவதில்லை, இருவர் இழுத்து வண்டியில் ஏற்றுகின்றனர்.

2. தடித்த தகடுகளுக்கு நிமிர்ந்த இறாக்கை. 3 மில்லிமீற்றரும் அதற்கு மேலும் உள்ளவை நீள விளிம்பில் நிற்கும். ஒவ்வோர் அறையும் 5 அங்குலம் மட்டுமே அகலம், இரு பக்கமும் 4 அடி உயரத் தூண்கள். அறை ஒடுங்கியதாக இருப்பதால், ஒரு தகடு மாத்திரம் மிஞ்சினாலும் அது பெரிதாகச் சாய முடியாது. அடியில் உருளைகள் வைத்திருப்பதால் முன்பக்கமாக இழுக்கலாம். 6 மில்லிமீற்றர் தகட்டுக்குக் கை வைப்பதில்லை, தகடு பிடிக்கும் கிளாம்பும் செயின் புளொக்கும்தான்.

3. துண்டுத் தகடுகளுக்குத் தனி இறாக்கை. வெட்டி மிஞ்சிய துண்டுகளில் தடிப்பையும் அளவையும் எழுதி வைக்கின்றோம். இரண்டு அடிக்கு ஓர் அடியை விடச் சிறியவற்றை மாதக் கடைசியில் பழைய இரும்புக்குக் கொடுத்துவிடுகின்றோம்.

இறாக்கைகளைச் செங்கல் சுவரில் கட்டாமல் கொங்கிரீட் நிலத்தில் போல்ட் போட்டு இறுக்கியுள்ளோம். வெல்டிங் நம் கைத்தொழில் என்பதற்காக நம் யோசனைப்படி மட்டும் செய்துவிடக் கூடாது. பொறியியலாளர் ஒருவரிடம் வரைபடத்தைக் காட்டி, ஒவ்வொரு தட்டும் தாங்கும் ஆகக்கூடிய பாரத்தைக் கணித்து, அதைப் பெயின்ரில் எழுதினோம்.

இப்போது மூன்று இறாக்கைகளும் பிடிப்பது சுமார் 85 சதுர அடி. மிச்சம் 90 சதுர அடிக்கும் மேல். நிமிர்ந்த இறாக்கைக்கு முன்னால் தகட்டை இழுக்க 8 அடி வெளி வேண்டும். லொறி பின்வாங்கும் பாதையை அதற்கு ஒதுக்கியதால் தனி இடம் செலவாகவில்லை. பக்கத்துக் கடையை நான் எடுக்கவில்லை.

பழுதாகும் சரக்கும் காசுதான்

2022 இல் ரூபா வீழ்ந்தபோது தகட்டு விலை எப்படி ஏறியது என்பதை யாரும் மறந்திருக்க மாட்டோம். அவ்வாறான காலத்தில் இறாக்கையில் கிடப்பது நமது முதல். கல்வனைஸ் தகடுகளை ஈரத்துடன் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், இடையில் சிக்கிய நீர் நாகப் பூச்சை வெள்ளைத் தூளாக அரித்துவிடும். மழையில் நனைந்து வந்தால் பிரித்து உலர்த்திய பின்னரே அடுக்க வேண்டும். ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீலைச் சாதாரண இரும்போடு சேர்க்கக் கூடாது. கிரைண்டர் பொடி பட்டால் அதிலும் துருப் புள்ளிகள் தோன்றும். அதை மரச் சட்டத்தின் மீது தனியாக வையுங்கள். முதலில் வந்ததை முதலில் எடுங்கள்.

வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934 ஆம் ஆண்டிலிருந்து இந்நாட்டில் உள்ளது. வேலையின்போது வேலையின் காரணமாக ஏற்படும் காயத்துக்குப் பொதுவாக முதலாளியே பொறுப்பு. சின்ன வேர்க்ஷொப் என்பது சாட்டாகாது. நானும் கொடுத்தேன். ஆனால் கொடுத்த காசை விட, அவர் என்னிடம் கேட்ட மன்னிப்புத்தான் எனக்குப் பெரிய பாரமாக இருந்தது.

அவர் திரும்பி வந்த பிறகு, எந்தத் தகடு எந்த அறையில் என்று தீர்மானித்தவர் அவரே. இன்றும் புதியவர் யாராவது தகட்டைச் சுவரில் சாய்த்தால் முதல் சத்தம் அவரிடமிருந்துதான் வரும்.

சகோதரர்களே, இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். கடையைப் பூட்டுவதற்கு முன் ஒரு சுண்ணக்கட்டியை எடுத்து, உங்கள் தகடுகள் பிடித்திருக்கும் இடத்தைச் சுற்றிக் கோடு போட்டு அளந்து பாருங்கள். பின்னர் சுவரில் சாய்ந்திருக்கும் தகடுகளை எண்ணி, தடிப்பால் பெருக்கி, 23 ஆல் பெருக்குங்கள். வரும் கிலோவை எழுதிக்கொண்டு, நாளைக் காலையில் அதன் முன்னால் நிற்கப் போவது யார் என்று யோசியுங்கள்.