வேலையை விட்டுவிட்டுப் பறக்கலாமா?

வெளிநாட்டு வேலை, விசா தொடர்பான வாசகர் கடிதங்களுக்கு நமது ஆலோசகர் பதிலளிக்கிறார்.

கேள்வி: அரசு வங்கியில் ஆபீசர் வேலை, சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகிறது. ஆஸ்திரேலியாவின் ‘ஒர்க் அண்ட் ஹாலிடே’ விசா குலுக்கலில் பெயர் வந்துவிட்டது. நாளைக்கே ராஜினாமா கொடுத்துவிடலாமா? அம்மா சாப்பிடாமல் படுத்திருக்கிறார்.
– வாசகி, மதுரை

பதில்: ராஜினாமா கடிதத்தை முதலில் கிழித்துப் போடுங்கள். போக வேண்டாம் என்று சொல்லவில்லை. குலுக்கலில் பெயர் வந்தால் விண்ணப்பிக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம், விசா இன்னும் வரவில்லை. இந்தியாவுக்கு வருடத்துக்கு 1,000 இடங்கள்தான். அதில் ஒன்று கிடைத்ததும் பலருக்குத் தலைகால் புரிவதில்லை.

விசா கையில் வந்த பிறகு, 12 மாதங்களுக்குள் எப்போது வேண்டுமானாலும் ஆஸ்திரேலியாவில் போய் இறங்கலாம். நோட்டீஸ் பீரியடை முழுசாக முடித்து, கணக்கு வழக்கைத் தீர்த்து, ரிலீவிங் ஆர்டர் வாங்கிக்கொண்டு வர அது தாராளமாகப் போதும். சொல்லாமல் கொள்ளாமல் ஓடியவர் ஊர் திரும்பி அடுத்த வேலைக்குப் போய் நிற்கும்போது ஹெச்.ஆர். முதலில் கேட்பதே அந்த ஒற்றைத் தாளைத்தான்.

அடுத்தது பாண்ட். வேலையில் சேர்ந்த அன்று எதிலெல்லாம் கையெழுத்துப் போட்டோம் என்பது யாருக்கும் ஞாபகம் இருப்பதில்லை. மூன்று வருடத்துக்குள் விலகினால் 2 லட்ச ரூபாய் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையை எதிர்த்து ஒரு பொதுத்துறை வங்கி அதிகாரி வழக்குப் போட்டார். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்த நிபந்தனை செல்லும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. “பாண்டெல்லாம் சும்மா மிரட்டல்” என்று கேன்டீனில் சட்டம் பேசுகிறவர்கள் உங்களுக்காகப் பணம் கட்டப் போவதில்லை. தொகை எவ்வளவு என்று பாருங்கள். அதைக் கட்டிவிட்டுப் போவது கட்டுப்படியாகும் என்றால் தாராளமாகப் போங்கள்.

அங்கே காத்திருப்பது வங்கி நாற்காலி இல்லை. பழம் பறிப்பு, ஹோட்டல் சமையலறை, பேக்கிங் ஷெட் என்று இருக்கும். பொதுவாக ஒரே முதலாளியிடம் ஆறு மாதத்துக்கு மேல் இருக்க முடியாது. இரண்டாவது வருடமும் வேண்டுமென்றால், அரசு குறிப்பிட்டிருக்கும் பகுதிகளில், குறிப்பிட்டிருக்கும் வேலைகளில் மூன்று மாதம் உழைத்திருக்க வேண்டும். அம்மாவுக்கு இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். திரும்பி வரும் டிக்கெட் பணத்தைத் தனிக் கணக்கில் போட்டு பாஸ்புக்கைக் காட்டுங்கள். சாப்பிடுவார்.

கேள்வி: போன மாதம் 31 பிறந்துவிட்டது. அதே விசா எனக்குக் கிடைக்குமா?
– வாசகர், ஈரோடு

பதில்: கிடைக்காது, அதன் வயது வரம்பைத் தாண்டிவிட்டீர்கள். வேலை தேடிப் போவதற்கான ஜெர்மனியின் ‘சான்சன்கார்ட்டே’ விசாவைப் பாருங்கள். 2024 ஜூனில் வந்தது, வயது வரம்பு கிடையாது. தேவைப்படும் 6 புள்ளிகளில் இரண்டு, 35 வயதுக்குள் இருப்பதற்கே கிடைத்துவிடும்.

கேள்வி: பாங்காக்கில் டேட்டா என்ட்ரி வேலை, மாதம் 90,000 ரூபாய். டூரிஸ்ட்டாக வந்தால் போதும், மற்றதைப் பார்த்துக்கொள்கிறோம் என்று டெலிகிராமில் ஒருவர் சொல்கிறார்.
– வாசகர், சிவகங்கை

பதில்: போகாதீர்கள். பாங்காக் என்று கிளம்பியவர்கள் தாய்லாந்து எல்லை ஊரான மே சோட்டில் ஆற்றைத் தாண்டி, மியான்மரின் மியாவாடியில் ஆன்லைன் மோசடிக் கும்பலிடம் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். 2022-ல் தமிழக இளைஞர்களையும் அங்கிருந்து மீட்டுக்கொண்டு வர வேண்டியிருந்தது. ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்பதை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்க ஐந்து நிமிடம்கூட ஆகாது. டெலிகிராம் ஆசாமி அதில் இருக்க மாட்டார்.

கேள்வி: மகனுக்கு கேம்பஸில் ஐ.டி. வேலை கிடைத்திருக்கிறது. அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, லண்டன் போய் இரண்டு வருடம் ஏதாவது வேலை பார்க்கிறேன் என்கிறான். சொந்தக்காரர்களுக்கு என்ன பதில் சொல்வது?
– ஒரு தந்தை, திருச்சி

பதில்: சொந்தக்காரர்களுக்கு விசா விதி தேவையில்லை, உங்களுக்குத்தான் தேவை. பிரிட்டனின் ‘யங் ப்ரொபஷனல்ஸ்’ விசா திட்டத்தில் இந்தியர்களுக்கு வருடம் 3,000 இடங்கள், அதுவும் குலுக்கல்தான். பட்டம் வேண்டும். 2,530 பவுண்டு தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும். மருத்துவக் கட்டணமாக வருடத்துக்கு 776 பவுண்டு வீதம் இரண்டு வருடத்துக்கும் முன்கூட்டியே கட்ட வேண்டும். நீட்டிப்பு கிடையாது. இந்தக் கணக்கை மகன் தானே போட்டு வைத்திருந்தால் பயப்பட ஒன்றுமில்லை, பையன் விவரமானவன். போடவில்லை என்றால் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

கையில் இருக்கும் வேலையை விட்டுவிட்டுப் பறப்பது இன்றைக்கு வந்த கிறுக்கும் இல்லை. ரங்கூனில் ‘தனவணிகன்’ பத்திரிகைக்கு ஆசிரியராக இருந்த ஏ.கே. செட்டியார், தன் இருபதுகளின் நடுவில் போட்டோகிராபி படிக்க டோக்கியோவுக்கும், பிறகு நியூயார்க்குக்கும் போனார். நியூயார்க்கிலிருந்து அயர்லாந்துக்குப் போன கப்பலில், 1937-ல், காந்தியைப் பற்றிப் படம் எடுக்கலாம் என்று தோன்றியது. 1940-ல் படம் வெளிவந்தது. அன்றைக்கும் அவருடைய சொந்த ஊரான கோட்டையூரில் யாராவது ‘படிப்பா இது’ என்று கேட்காமலா இருந்திருப்பார்கள்?

கேள்வி: ஆஸ்திரேலியாவில் ஒரு வருடம் இருந்துவிட்டு வந்தேன். ரெஸ்யூமில் அந்த இடைவெளியை எப்படி மறைப்பது?
– வாசகர், சென்னை

பதில்: மறைக்காதீர்கள். பேக்கிங் ஷெட் வேலையை ‘லாஜிஸ்டிக்ஸ் எக்சிக்யூட்டிவ்’ என்று எழுதினால் பின்னணிச் சோதனையில் மாட்டிக்கொள்வீர்கள். பேக்கிங் ஷெட் என்றே எழுதுங்கள், பே-ஸ்லிப்பைப் பத்திரமாக வையுங்கள். முதலாளி உங்கள் பெயரில் கட்டிய ‘சூப்பர்’ எனும் ஓய்வுக்காலச் சேமிப்புப் பணத்தைக் கேட்டு வாங்கினீர்களா? 65 சதவீதம் வரி போனாலும் மிச்சம் உங்களுடையதுதான், விண்ணப்பித்தால்தான் வரும்.